லேத் ஓட்டுகிற கையில் எஃப் கார்டு வராதா?

அம்பத்தூர்_லேத்
போன ஞாயிறு நண்பர் வீட்டில் ஏழெட்டுப் பேர் கிட்டாரோடு கூடியிருந்தோம். வகுப்பு நடத்துகிற ஒருவரும் வந்திருந்தார், பெயர் வேண்டாம். யார் யார் என்ன வேலை பார்க்கிறோம் என்று பேச்சு போனது. ஒருவர் வங்கி, இரண்டு பேர் மென்பொருள், ஒருவர் பல் மருத்துவர், ஒருவர் தையல் கடை. நான் லேத் என்றேன். அவர் என் இடது கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தத் தோலை வைத்துக்கொண்டு எஃப் பார் கார்டு சுத்தமாக வராது. கிட்டார் மேசை வேலைக்காரர்களுக்கான பொழுதுபோக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் 22 வருடமாக லேத் ஓட்டுகிறேன், 14 வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். எஃப் பார் என்பது ஆள்காட்டி விரலைக் கிட்டார்க் கழுத்தின் முதல் கட்டத்தில் (ஃப்ரெட்) குறுக்கே வைத்து ஆறு தந்தியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற கார்டு, அதாவது சுரக்கூட்டு. அது எனக்கு வரும். ஆறு தந்தியும் கேட்கும். அங்கேயே வாசித்துக் காட்டியிருக்க வேண்டும், கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். இன்னும் ஆறவில்லை. இங்கே கையால் உழைக்கிறவர்கள் யார் யார் வாசிக்கிறீர்கள்? சொல்லுங்கள்.

நைலான்_650
அவர் சொன்ன விதம் தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை. பார் கார்டில் ஆள்காட்டி விரலின் எலும்புப் பக்கம்தான் தந்தியை அழுத்த வேண்டும். தோல் மொத்தமாகத் தடித்திருந்தால் விரல் மடிப்புக்குக் கீழே வருகிற தந்தி சத்தம் போடாது. இது உடற்கூறு, சாதி மத பேதம் இல்லை. நான் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கிளாசிக்கல் கிட்டார்த் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்திருக்கிறேன். தெரிந்துதான் சொல்கிறேன்.

அம்பத்தூர்_லேத்
எட்டாம் கிரேடு முடித்தவருக்கு ஒரு கேள்வி. பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி முதலில் என்ன வேலை பார்த்தார்? பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில் தொழிலாளி. 1965-ல், 17 வயதில், பிரஸ் மெஷினில் வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போயின. அவர் இடது கைக்காரர், அதனால் ஃப்ரெட் பிடிக்கிற கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். தோலே இல்லாத விரலில் கார்டு வந்தது. எனக்குத் தடித்த தோலில் வராதா?

நைலான்_650
நீங்களே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். அவருடைய விரலை எடுத்ததே அந்த வேலைதான். கிட்டார்க் கைக்குப் பட்டறை ஆகாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அதுவும் அன்று அவருக்கு அந்த ஆலையில் கடைசி நாள். அதற்குப் பிறகு அவர் போனது மேடைக்கு, மெஷினுக்கு அல்ல.

அம்பத்தூர்_லேத்
கடைசி நாள் என்றால் அதற்கு முந்தைய நாட்கள் இருந்தன என்று அர்த்தம். அத்தனை நாளும் பகலில் மெஷின், மாலையில் கிட்டார். வேலையை விட்டதே வாசிப்பு நன்றாக வந்ததால்தான். நான் சொல்வது அதுதான்.

ஸ்ட்ராட்54
நண்பர்களே, நான் மென்பொருள்தான், அதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் இந்தப் பேச்சு வேலை வகைகளைப் பற்றியது என்று நினைத்து வந்தேன். அப்படிப் பார்த்தால் படித்தவர்கள் பட்டியல் நீளம். குயீன் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே வானியற்பியல் ஆராய்ச்சியை 1970-களில் பாதியில் விட்டுவிட்டு, 2007-ல் திரும்பிப் போய் முனைவர் பட்டம் வாங்கினார். டாம் ஷோல்ஸ் எம்ஐடியில் படித்த இயந்திரப் பொறியாளர். பகலில் போலராய்டு நிறுவனத்தில் வேலை, இரவில் வீட்டு நிலவறையில் ஒலிப்பதிவு. 1976-ல் வெளிவந்த பாஸ்டன் குழுவின் முதல் ஆல்பம் அங்கே பிறந்ததுதான். ஸ்டீலி டான் குழுவில் வாசித்த ஜெஃப் பாக்ஸ்டர் பிற்காலத்தில் அமெரிக்க ஏவுகணைப் பாதுகாப்புக்கு ஆலோசகர் ஆனார். நம் ஊரில் கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னா ஐஐடி சென்னையில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். மேகாலய முதல்வர் கான்ராட் சங்மா கிட்டாரை எடுத்தால் ஹெவி மெட்டல் வாசிப்பார். பொறியியலும் கிட்டாரும் ஒட்டிப் பிறந்தவை என்பது என் எண்ணம்.

அம்பத்தூர்_லேத்
பிரையன் மே பெயரை நீங்கள் சொன்னதால் கேட்கிறேன். அவர் வாசிக்கிற கிட்டார் எங்கே வாங்கியது? எங்கேயும் வாங்கவில்லை. அவரும் அப்பாவும் 1963-ல் ஆரம்பித்து வீட்டிலேயே கையால் செய்தார்கள், பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தை அறுத்து, செதுக்கி, அரம் போட்டு. அது பட்டறை வேலை இல்லையா? பட்டத்தை மட்டும் எண்ணுகிறீர்கள், அரத்தை எண்ண மாட்டீர்கள்.

ராத்திரி_டூட்டி
நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். பத்து வருடமாக நைலான் தந்திக் கிட்டார். எனக்குப் பிரச்சினை இடது கை இல்லை, வலது கை. கிளாசிக்கலுக்கு நகம் வளர்க்கச் சொல்வார்கள். வார்டில் நகம் வளர்க்கக் கூடாது, கிருமி தங்கும். நோயாளிக்கு ஊசி போடுகிற கை இது. அதனால் சதையால்தான் மீட்டுகிறேன். கையில் திரும்பத் திரும்பத் தேய்க்கிற ஸ்பிரிட்டில் தோல் காய்ந்து, இடது கைக் காய்ப்பும் உரிந்துவிடும். ஒரு வாரம் தொடர்ந்து டூட்டி என்றால் முதலிலிருந்து காய்ப்பு ஏற வேண்டும். லேத் அண்ணா, உங்களுக்காவது தோல் இருக்கிறது.

நைலான்_650
சகோதரி, நகம் இல்லாமல் கிளாசிக்கல் முழுமையாகாது. அந்த மணி போன்ற ஒலி சதையில் வராது. வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

ராத்திரி_டூட்டி
ஸ்பெயினின் கிளாசிக்கல் கிட்டார் கலைஞர் ஃபிரான்சிஸ்கோ தாரெகா தன் கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டுச் சதையால் வாசித்தார். அவருடைய மாணவர் எமிலியோ புஜோலும் அப்படித்தான். எட்டாம் கிரேடு வரை தாரெகா பாடம் இல்லாமலா போயிருக்கும்? உங்கள் வருத்தம் எனக்கு வேண்டாம் சார்.

நைலான்_650
தாரெகா மேதை. அவரை உங்களோடு ஒப்பிட வேண்டாம்.

ராத்திரி_டூட்டி
ஒப்பிடவில்லை. சதையில் ஒலி வராது என்றீர்கள். வந்தது என்றேன்.

பெரம்பூர்_பேஸ்
தம்பிகளா, நான் ரயில்வே கேரேஜ் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 1970-களில் எனக்குக் கிட்டார் கற்றுக்கொடுத்ததே கூட வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர்கள்தான். காலையில் ஸ்பானர், சனிக்கிழமை ராத்திரி ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனத்தில் கிட்டார். ஒருத்தர் கையும் பஞ்சு மாதிரி இருந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் நான் மெல்லிசைக் குழுவில் 20 வருடம் வாசித்தேன். எங்கள் குழுவில் லீட் வாசித்தவர் தபால்காரர், ரிதம் வாசித்தவர் சலூன் வைத்திருந்தார். எஃப் என்ன, பி ஃப்ளாட் மைனரில் முழுப் பாட்டும் வாசிப்பார். ஞாயிறு காலை தேவாலயத்தில் போய்ப் பாருங்கள், கிட்டார் பிடித்திருக்கிறவர்களில் எத்தனை பேர் மெக்கானிக், எத்தனை பேர் எலெக்ட்ரீசியன் என்று.

கேப்போ_போதும்
எதற்கு இத்தனை சண்டை? முதல் ஃப்ரெட்டில் ஆறு தந்தியையும் அழுத்திப் பிடிக்கிற கவ்வியை, அதுதான் கேப்போ, மாட்டி ஈ கார்டு பிடித்தால் எஃப். நான் சமையல் மாஸ்டர், தோசைக்கல் சூட்டில் விரல் நுனி மரத்துப் போயிருக்கிறது. பத்து வருடமாக இப்படித்தான் வாசிக்கிறேன். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

நைலான்_650
பாருங்கள், ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

கேப்போ_போதும்
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை சார். எனக்கு அது வசதி என்றேன். என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள்.

அம்பத்தூர்_லேத்
மாஸ்டர், நீங்கள் நடுவில் கேப்போவைக் கொண்டு வந்து அவருக்கு வசதி செய்து கொடுத்துவிட்டீர்கள். இப்போது நான் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், எல்லாரும் படியுங்கள்.

எஃப் கார்டு ஏன் வராமல் போகிறது? தோலால் இல்லை, நட்டால். கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காருகிற காடி வெட்டிய பட்டைதான் நட். மலிவான கிட்டார்களில் நட்டின் காடிகள் ஆழமாக வெட்டப்பட்டிருக்காது. தந்தி முதல் ஃப்ரெட்டுக்கு மேலே உயரமாக நிற்கும். அந்த இடத்தில் ஆறு தந்தியையும் ஒரே விரலால் அழுத்தினால் யாருக்கும் வலிக்கும், தணிக்கை அலுவலகத்து விரலுக்கும் வலிக்கும். சோதனை எளிது. மூன்றாம் ஃப்ரெட்டில் தந்தியை அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு தாள் நுழைகிற இடைவெளிதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் நட் உயரம். எஃகுத் தந்தி 12 செட் (முதல் தந்தி 0.012 அங்குலத் தடிமன்) போட்டால் ஆறு தந்தியும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும், நைலான் 40 கிலோ பக்கம்தான். அரை மில்லி உயரம் கூடினாலும் விரலுக்குத் தெரியும்.

என் முதல் கிட்டார் மூர் மார்க்கெட் பக்கம் பழையதாக வாங்கிய கிவ்சன். ஆறு மாதம் எஃப் வரவில்லை. அழுகை வந்தது. ஒரு நாள் பட்டறையில் மதிய சாப்பாட்டு நேரத்தில் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜை எடுத்து அளந்தேன். ஊசி அரத்தால் ஒவ்வொரு காடியாக இறக்கினேன், நின்று நின்று, அளந்து அளந்து. ஒரு தேய்ப்பு கூடினால் தந்தி ஃப்ரெட்டில் அதிரும், நட்டே வீண். அன்று சாயங்காலம் எஃப் வந்தது. அதே கை, அதே தோல். மாறியது கிட்டார். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த வகுப்பும் இல்லை, என் தொழில். கிட்டார் செய்யவே யாருக்கும் தெரியாமல் போயிருந்தால் நீங்கள் யாரும் வாசித்திருக்க முடியாது. ஸ்ட்ராட் கிட்டாரை உருவாக்கிய லியோ ஃபெண்டர் ரேடியோ பழுது பார்த்தவர், அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. ஸ்ட்ராட்54 என்று பெயர் வைத்திருக்கிறவருக்கு இது தெரிந்திருக்கும்.

ஸ்ட்ராட்54
தெரியும். லியோ ஃபெண்டர் அதற்கு முன்னால் கணக்கர் வேலையும் பார்த்தார். மேசை வேலை. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அப்புறம், போன வருடம் நான் விற்பனைக்குப் போட்ட கிட்டாரின் கழுத்து வளைந்திருக்கிறது என்று எல்லார் முன்னாலும் எழுதியவர் நீங்கள்தானே? மழைக்காலத்தில் ஈரம் ஏறி, ஃப்ரெட்டுக்கு மேலே தந்தி நிற்கிற உயரம், அதாவது ஆக்‌ஷன் கொஞ்சம் உயர்ந்திருந்தது, கழுத்துக்குள் இருக்கிற ட்ரஸ் ராடு கம்பியைக் கால் சுற்றுத் திருப்பினால் சரியாகியிருக்கும். உங்களால் ஒருவர் வாங்காமல் போனார். நான் மறக்கவில்லை.

அம்பத்தூர்_லேத்
வளைந்துதான் இருந்தது. புகைப்படத்திலேயே தெரிந்தது. ஸ்கேலை வைத்துப் பாருங்கள் என்றேன், நீங்கள் வைக்கவில்லை.

நைலான்_650
நட், ரேடியோ, ஸ்கேல் என்று எங்கேயோ போகிறீர்கள். நான் கேட்டது ஒன்றுதான். கடின உழைப்பை விடாமல் செய்துகொண்டே, கடைசி வரை நன்றாக வாசித்த ஒரு ஆளைச் சொல்லுங்கள். அயோமி இல்லை. அயோமிக்கு அது கடைசி நாள்.

அம்பத்தூர்_லேத்
சொல்கிறேன். மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928-ல் ஒலிப்பதிவு செய்தார், விற்கவில்லை. ஊருக்குத் திரும்பி விவசாயக் கூலி வேலை. 1963-ல் தேடிக் கண்டுபிடித்து மேடையேற்றினார்கள். 35 வருடம் மண்வெட்டி பிடித்த கை அது. அந்தக் கையில் இருந்த மென்மை எத்தனை வகுப்புக்குப் போனாலும் எனக்கு வராது. எலிசபெத் காட்டன் வீட்டு வேலை செய்த பெண்மணி. கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து இடது கையால் மீட்டினார். வெஸ் மாண்ட்கோமரி பகலில் ஆலை வேலை, ராத்திரி கிளப்பில் ஜாஸ், தூங்குகிற நேரம் எது என்று தெரியாது. போதுமா?

நைலான்_650
இவர்கள் பார் கார்டு பிடித்தார்களா? கட்டை விரலை மேலே சுற்றிக்கொண்டு வந்து ஆறாம் தந்தியைப் பிடிக்கிற எஃப்பை நான் எஃப்பாக எண்ணுவதில்லை.

பெரம்பூர்_பேஸ்
ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கட்டை விரலால்தான் பிடித்தார். அதுவும் கணக்கில் இல்லையா தம்பி?

நைலான்_650
52 மில்லி அகல நட் இருக்கிற கிளாசிக்கலில் அப்படிப் பிடித்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

ராத்திரி_டூட்டி
அவர்கள் வாசித்தது கிளாசிக்கலே இல்லையே சார். 43 மில்லி நட் உள்ள கிட்டாரில் வாசிக்கிறவரை 52 மில்லியில் ஏன் சோதிக்கிறீர்கள்? முதலில் தோல் என்றீர்கள், அப்புறம் நகம், இப்போது கட்டை விரல்.

நைலான்_650
நான் ஆரம்பத்திலிருந்து தோலைப் பற்றித்தான் பேசுகிறேன். நகத்தை இழுத்து வந்தது நீங்கள்.

அம்பத்தூர்_லேத்
தோலைப் பற்றியே பேசுவோம். நேற்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்து, கை கழுவி, கூலண்ட் வாசனை போகாமலே உட்கார்ந்து எஃப்பை ஒவ்வொரு தந்தியாக மீட்டிப் பதிவு செய்திருக்கிறேன். ஆறும் கேட்கிறது. முந்தின இரவு மகள் தூங்கிக்கொண்டிருந்ததால் சத்தம் குறைவாக வாசித்தேன், அதனால் இரண்டு தடவை எடுக்க வேண்டியிருந்தது. வேண்டுமென்றால் போடுகிறேன்.

நைலான்_650
போடுங்கள். எந்த நட், என்ன தந்தி, என்ன ஆக்‌ஷன் என்று அளவையும் போடுங்கள். நட்டை இறக்கி வைத்துக்கொண்டு வாசித்தால் அது உங்கள் விரலின் திறமையா, அரத்தின் திறமையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

அம்பத்தூர்_லேத்
இரண்டும் என் கைதான். அரம் பிடித்ததும் இந்தக் கை, கார்டு பிடித்ததும் இந்தக் கை. அயோமி அவருடைய உறையைக் கடையில் வாங்கவில்லை, தானே உருக்கிச் செய்தார். தந்தி இழுவிசை குறைய வேண்டும் என்று சுருதியை சி ஷார்ப் வரை இறக்கினார். அதையும் கழித்துவிடுவீர்களா?

நைலான்_650
மறுபடியும் அயோமி. அது அவருக்குக் கடைசி நாள் என்று எத்தனை தடவை சொல்வது?

அம்பத்தூர்_லேத்
எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லுங்கள். அதற்கு முந்தைய நாளும் அவர் மெஷினில்தான் நின்றார்.

ஸ்ட்ராட்54
கழுத்து வளையவில்லை. இன்று ஸ்கேல் வைத்துப் படம் எடுத்திருக்கிறேன்.

அம்பத்தூர்_லேத்
ட்ரஸ் ராடைத் திருப்பின பிறகு எடுத்ததா, திருப்புவதற்கு முன்பா?