குரல்பதிவில் வந்த காலரா

போன கார்த்திகை மழை ஓய்ந்த சமயம். பாம்பனில் எங்கள் தெருவில் நான்கு வீட்டில் வயிற்றுப்போக்கு. மறுநாள் விடியும் முன்னே எல்லார் கைப்பேசியிலும் ஒரு குரல்பதிவு: "கடல்ல காலராக் கிருமி கலந்துருச்சு, யாரும் மீன் வாங்காதீங்க." பேசியது யாரென்று இன்றுவரை தெரியாது. காரலும் நகரையுமாகக் கூடை நிறைய எடுத்துப்போன மதினி, அப்படியே திரும்பி வந்தார். "கொதிக்கிற கொழம்புல எந்தக் கிருமி தம்பி உசுரோட இருக்கும்?" என்றார்.

அவர் கேட்டது சரிதான். காலராக் கிருமி உப்பங்கழி நீரிலும் வாழும், அரைவேக்காட்டுச் சிப்பி மூலம் பரவியதும் உண்டு. ஆனால் நன்றாக வெந்த மீனில் அது மிஞ்சாது.

அப்புறம் கிராம சுகாதாரச் செவிலியர் வந்தார். மீனைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. "தண்ணி எதுல புடிச்சு வைக்கிறீங்க?" என்றுதான் கேட்டார். எங்கள் வீட்டில் லாரித் தண்ணீருக்கு ஒரு நீல டிரம். மூடி உடைந்து வருசமாகிறது, மேலே ஒரு சாக்கு. உள்ளே கைப்பிடி போன பிளாஸ்டிக் கப்பு மிதக்கும். கொல்லைக்குப் போய்விட்டு வரும் பிள்ளை முழங்கை வரை விட்டு மொண்டு குடிக்கும். செவிலியர் சாக்கை விலக்கினார், கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குக் கூசிவிட்டது.

20 லிட்டருக்கு அரை கிராம் குளோரின் மாத்திரை ஒன்று, போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொன்னார். வாடை பிடிக்காதவர்கள் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கலாம். பரிசோதனையில் காலரா இல்லை என்றே வந்தது. அதையும் குரல்பதிவாகப் போட்டேன், ஒருத்தரும் பகிரவில்லை. மதினிக்குப் பத்து நாள் வியாபாரம் போனதுதான் மிச்சம்.

*

பாம்பன்காரர் எழுதியதைப் படித்தேன். நான் கீழக்கரை. எங்கள் பக்கம் வேறு புரளி: பேதியாகும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகுமாம். லாத்தா (அக்கா) மகன், நான்கு வயது, ஒரு பகல் முழுக்க வாயில் சொட்டு ஊற்றவில்லை. சாயங்காலம் கண் குழிந்து, அழுதாலும் கண்ணீர் வரவில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி வந்தால், உம்மா பாதியை ஒரு டம்ளரில் கொட்டப் போனார். தடுத்தேன். முழுப் பொட்டலத்துக்கு 1 லிட்டர் தண்ணீர், கணக்கு மாறக்கூடாது. கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். காலராவே ஆனாலும் ஆளைக் கொல்வது உடம்பில் நீர் வற்றுவதுதான். 1971இல் வங்கதேச அகதிகளுக்கு டாக்டர் திலீப் மகலனாபிஸ் இப்படி உப்பும் குளுக்கோஸும் கரைத்த தண்ணீரைக் கொடுத்தே எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். அவரும் டிரம்மில்தான் வைத்திருந்தார், ஆனால் அதில் குழாய் இருந்தது!

*

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். மண்டபம் கேம்ப் என்று டிக்கெட் எடுக்கிறோமே, அந்த கேம்பே இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களை நோய் இருக்கிறதா என்று நிறுத்திவைத்துப் பார்த்த இடம். எங்கள் அப்பத்தா வாந்திபேதி என்ற பேரையே சொல்லமாட்டார், "அது" என்பார். சரி, பாம்பன்காரரே, மூடி கிடைத்ததா?

*

தனி மூடி கிடைக்கவில்லை. குழாய் வைத்த டிரம்மே வாங்கிவிட்டேன். பழைய கப்பு மதினியிடம், மீனுக்குத் தண்ணீர் தெளிக்க.