ஸ்பாட்டுக்குத் தமிழில் என்ன?

பட்டர்வொர்த்:
வணக்கம். வெள்ளிக்குள் அறிவியல் கழகக் கையேட்டை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். பிள்ளைகளை கெடாவிலுள்ள மெர்போக் கழிமுகத்துக்குச் சிப்பி வளர்க்கும் மிதவைகளைப் பார்க்கக் கூட்டிப்போகிறோம். ‘ஸ்பாட்’ (spat) என்ற ஆங்கிலச் சொல்லில் நிற்கிறேன். சிப்பிக் குஞ்சு இரண்டு மூன்று வாரம் நீந்தித் திரிந்துவிட்டு, கெட்டியான இடம் பார்த்து உட்காருமே, அந்தப் பொடிச் சிப்பி. மலாயில் பெனே, அதாவது விதை. ‘விதைச்சிப்பி’ சரியா?

கோலாலம்பூர்:
விதை வேண்டாம் டீச்சர். விதை இனிமேல்தான் முளைக்க வேண்டும், இது ஏற்கெனவே ஓடும் உடலுமாக இருக்கிற உயிர். “நந்தும் முரளும் ஈரறிவினவே” என்கிறது தொல்காப்பியம், அதாவது நத்தையும் முரளும் இரண்டு அறிவுள்ள உயிர்கள். முரள் என்பதில் இப்பி (சிப்பிதான்), கிளிஞ்சல் இரண்டையும் சேர்த்தே உரை சொல்கிறார்கள். கேரளத்தில் இன்றும் சிப்பிக்கு முரு என்றுதான் பெயர். முரள்தான் அப்படித் தேய்ந்திருக்க வேண்டும், முருடு, முரடு எல்லாம் அந்த ஓட்டைத் தடவிப் பார்த்தவன் வைத்த பெயர்கள் என்பது என் எண்ணம். ‘முரட்குஞ்சு’ என்று வையுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம்:
ஐயா, நான்காம் ஆண்டுப் பிள்ளை அதை ‘முரட்டுக் குஞ்சு’ என்றுதான் படிக்கும். தொழிலைப் பாருங்கள். பழைய சிப்பி ஓடுகளைத் துளையிட்டு, கயிற்றில் கோத்து, தண்ணீரில் தொங்கவிடுகிறார்கள். குஞ்சு அதில் இடப்பக்க ஓட்டை வைத்து ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் சாகும்வரை அங்கேதான். ஒட்டுவதுதான் சங்கதி. ‘ஒட்டுச்சிப்பி’.

கோலாலம்பூர்:
ஒட்டு என்றால் ஒட்டுமாங்காய் அல்லவா நினைவுக்கு வரும்? மலாயில் கூப்பாங்கு என்கிறார்களே (mussel), அதற்கும் ஸ்பாட் உண்டு தம்பி. அது ஓட்டால் ஒட்டுவதில்லை, நாரால் பற்றுகிறது. இடம் பிடிக்காவிட்டால் நாரை விட்டுவிட்டு நகரவும் செய்யும். அதை எப்படி ஒட்டு என்பீர்கள்?

ஜார்ஜ்டவுன்:
முதலில் கூப்பாங்குக்குத் தமிழ்ப்பெயர் முடிவாகட்டும். மட்டி என்று எழுதினால் இங்கே பாதிப் பேர் கெராங்கை (cockle) நினைப்பார்கள். ஓ சியான் என்கிற சீன முட்டைப் பொரியலில் போடுவதைச் சிப்பி என்பதில் மட்டும் யாருக்கும் குழப்பமில்லை.

பட்டர்வொர்த்:
கூப்பாங்கு இந்தக் கையேட்டில் வரவே இல்லை, அதைத் தனியாகப் பேசுவோம். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் விதைச்சிப்பிக்குத்தான் ஆதரவு கூடுதல். மிதவைக்காரர் பெனே என்று சொல்லும்போது பிள்ளைகளுக்கும் சட்டென்று விளங்கும். அதையே போட்டு, “ஓட்டில் ஒட்டிய இளஞ்சிப்பி” என்று கீழே ஒரு வரி சேர்க்கிறேன்.

புக்கிட் மெர்தாஜாம்:
அந்த வரியையே சொல்லாக்கினால் ஒட்டுச்சிப்பிதானே, டீச்சர்!

கோலாலம்பூர்:
கையேடு போகட்டும், பிள்ளைகளின் பயணம் நிற்கக் கூடாது. கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது மட்டும் எனக்குச் சொல்லுங்கள். முரளை நான் விடுவதாக இல்லை.