ஐம்பது கேலிபர் ரைபிளுக்கு எந்தக் குண்டு, எந்தத் துணி?

குன்னூர்_மேடு: எஸ்டேட் காலத்திலிருந்து உரிமத்தோடு கைமாறி வந்த ரைபிள் ஒன்று வீட்டில் இருக்கிறது, வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற ரகம், குண்டைச் சுழற்றுவதற்காக உள்ளே சுருளாக வரிப்பள்ளம் வெட்டியது. குழலின் உள்விட்டம் .500 அங்குலம். ஈயம் வார்க்க .490, .495 என்று இரண்டு அச்சு இருக்கின்றன. ரேஞ்சில் 50 கஜத்தில் அட்டைக்குத்தான் சுடப்போகிறேன். எந்தக் குண்டு, அதைச் சுற்றி வைத்துக் கெட்டிக்க எவ்வளவு தடிமனில் துணி?

கோத்தகிரி_பெரியவர்: .495தான் தம்பி. மெல்லிய பருத்தித் துணி, 10 தௌ போதும். தௌ என்றால் லேத் பட்டறைக் கணக்குதான், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குண்டு குழலை நிறைத்து உட்கார்ந்தால்தான் சுழற்சி பிடிக்கும். நான் வருஷக்கணக்காக இப்படித்தான் கெட்டிக்கிறேன், அட்டையில் குறி விலகியதில்லை.

ஊட்டி_வெர்னியர்: அண்ணே, சுழற்சியைக் குண்டுக்குக் கொண்டுபோவதே துணிதான், உருண்டைக் குண்டில் ஈயம் வரியைத் தொட வேண்டியதே இல்லை. கணக்கைப் பாருங்கள். வரிப்பள்ளம் 10 தௌ ஆழம் என்றால் பள்ளத்துக்குப் பள்ளம் விட்டம் .520. அதில் .495 குண்டு போட்டால் ஒவ்வொரு பக்கமும் பன்னிரண்டரை தௌ இடைவெளி, உங்கள் 10 தௌ துணி அதை அடைக்காது. அந்தச் சந்து வழியாகத் தீ பாய்ந்து துணி கருகும், குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. .490 குண்டோடு 18 தௌ மெத்தை உறைத் துணி போட்டுப் பாருங்கள், பள்ளத்தில் இடைவெளி 15, துணி மூன்று தௌ அழுந்தி இறுக்கமாக அடைத்துக்கொள்ளும். ஆங்கிலேயர் படையின் பேக்கர் ரைபிளிலும் குழல் .625, குண்டு .615. அங்கேயும் குழலுக்கும் குண்டுக்கும் விட்டத்தில் பத்து தௌ வித்தியாசம்தான்.

கோத்தகிரி_பெரியவர்: கணக்கு சரி. ஆனால் பள்ளங்களுக்கு நடுவில் இருக்கிற மேட்டில் அதே 18 தௌ துணி ஐந்து தௌ சந்துக்குள் நசுங்கிப் போக வேண்டுமே? சுத்தியல் எடுத்துத் தட்டினால் குண்டின் தலை சப்பையாகிறது. நாலு குண்டு சுட்டதும் கரி படிந்து, குண்டைத் தள்ளுகிற ராடு இறங்கவே மறுக்கும். பாதி வழியில் நின்ற குண்டை அப்படியே சுட்டால் குழல் பிளக்கும், அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊட்டி_வெர்னியர்: அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. குண்டு மருந்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று ராடில் ஒரு கோடு கீறி வைத்து ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ஆனால் இறுக்கத்துக்குத் துணியின் தடிமனைக் குறை சொல்லாதீர்கள், எண்ணெய்தான் காரணம். பெரும்பாலும் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும், ஊட்டியில் காலையில் குப்பிக்குள் கட்டியாக நிற்கும், துணியில் சீராகப் பரவாது. தேன்மெழுகோடு விளக்கெண்ணெய் கலந்து உருக்கித் தடவினால் குளிரிலும் வழவழப்பு போகாது. ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் ஈரத்துணியால் ஒரு முறை துடையுங்கள், அப்புறம் ராடு இறங்காமல் எப்படிப் போகும் என்று பார்ப்போம்.

மேல்மலை_கொடைக்கானல்: இரண்டு பேரும் குண்டை அளக்கிறீர்கள், சுட்ட பிறகு துணியை எடுத்துப் பார்க்கிறீர்களா? ரேஞ்சில் குழல்வாய்க்குப் பத்து பதினைந்து அடி முன்னால் விழுந்து கிடக்கும், சுடுவதை எல்லோரும் நிறுத்திய பிறகு போய்ப் பொறுக்கி விரித்துப் பாருங்கள். நடுவில் குண்டு உட்கார்ந்த வட்டம் முழுதாக, சுற்றி வரியின் தடம் கருப்பாக, ஓரம் லேசாகப் பிசிறியிருந்தால் பொருத்தம் சரி. வட்டத்தைச் சுற்றிக் கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெலிசு அல்லது எண்ணெய் போதவில்லை. வரி இருக்கிற இடத்தில் கத்தியால் கீறியதுபோல நேராகக் கிழிந்திருந்தால் குழல்வாய் விளிம்போ வரியோ கூர்மையாக இருக்கிறது, அதற்குத் துணியை மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

துணி வாங்கும்போது ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். சாம்பலானால் பருத்தி, உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர், அது குழலுக்குள் உருகி ஒட்டும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், துவைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும், அதுவும் வெர்னியர் அளவுகோலை நன்றாக அழுத்தி. லேசாகப் பிடித்தால் 18 தௌ துணி இருபதுக்கு மேல் காட்டும். ஈயமும் சுத்தமானதாக இருக்கட்டும், டயர் வீல் வெயிட் ஈயம் கடினம், துணியின் நெசவு அதில் பதியாது.

கோத்தகிரி_பெரியவர்: என்னுடையதில் பள்ளம் ஐந்து தௌ ஆழம்தான், அதனால்தான் .495 எனக்குச் சரியாக வருகிறது. அப்படிப் பார்த்தால் தம்பியின் குழலில் ஆழம் எவ்வளவு என்று தெரியாமல் நாம் இவ்வளவு பேசக்கூடாது. இருந்தாலும் கைவிரல் அழுத்தத்தில் இறங்காத குண்டை நான் போடமாட்டேன், அதை மட்டும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஊட்டி_வெர்னியர்: விரல் அழுத்தத்தில் இறங்கினால் 50 கஜத்தில் குண்டுகள் ஒரே இடத்தில் கொத்தாக விழாது அண்ணே. தொடக்கத்துக்கு ஒரு குட்டைக் கட்டை வைத்துத் தட்டித்தான் ஆக வேண்டும்.

குன்னூர்_மேடு: பள்ளத்தின் ஆழத்தை எப்படி அளப்பது? பின்பக்கம் மூடிய குழல். அப்புறம், கருமருந்து கிடைக்காவிட்டால் புகையில்லா மருந்து கொஞ்சமாகப் போடலாமா?

மேல்மலை_கொடைக்கானல்: புகையில்லா மருந்து ஒரு சிட்டிகை கூடக் கூடாது. அரவங்காட்டு ஆலைக்குப் பெயர் தந்த கார்டைட் அந்த இனம்தான், அதன் அழுத்தத்தை இந்தப் பழைய குழல் தாங்காது. அளப்பதற்கு முதலில் ராடை விட்டுக் குழல் காலி என்று உறுதி செய்யுங்கள். வாய் விளிம்பில் எண்ணெய் தடவி, குழலைவிடச் சற்றுப் பெரிய சுத்த ஈயத்துண்டை மரச்சுத்தியால் அரை அங்குலம் மட்டும் இறக்குங்கள். அதன் நடுவில் ஒரு ஸ்க்ரூ முறுக்கி வெளியே இழுத்தால் வரி அச்சாகப் பதிந்து வரும். உயர்ந்த இடத்துக்கு உயர்ந்த இடம் ஒரு அளவு, தாழ்ந்த இடத்துக்குத் தாழ்ந்த இடம் ஒரு அளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் ஆழம். அந்த எண்ணை இங்கே போடுங்கள்.