பக்கம் சரி, ஹெடர்தான் கோளாறு: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள் (ஹெடர் என்பது பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும்போது உள்ளடக்கத்துக்கு முன்னால் வைக்கும் குறிப்பு வரி)

பாலக்கோட்டிலிருந்து:

எங்கள் பக்கத் தக்காளி மண்டி ஒன்று இணையத்தில் தினமும் விலை போடுகிறது. மண்டிக்காரர் விடிவதற்குள் அன்றைய கிரேட் (தக்காளிப் பெட்டி) விலையை ஏற்றிவிடுவார். ஆனால் மாரண்டஅள்ளி, காரிமங்கலம் பக்கத்து விவசாயிகள் பலருக்குப் போனில் நேற்றைய விலையே தெரிந்தது. அதை நம்பி வாடகைக்கு வண்டி பிடித்து வந்தவர்கள் மண்டி வாசலில் சண்டைக்கு நின்றார்கள். பக்கத்தைச் செய்து கொடுத்தவரோ, "டேட்டாபேஸில் புது விலைதான் இருக்கு, உங்க நெட் ஸ்லோ" என்று முடித்துக்கொண்டார்.

என்னைக் கூப்பிட்டார்கள். பிரவுசரில் எஃப்12 தட்டி நெட்வொர்க் பகுதியைத் திறந்தேன். விலை மட்டும் தனி ஜேசன் கோப்பாக (தரவை எழுத்தாக அனுப்பும் ஒரு வடிவம்) வருகிறது. சர்வரின் பதிலில் முதலில் 200 ஓகே என்ற நிலை வரி. அதன் கீழே வரிக்கு ஒன்றாக ஹெடர்கள்: பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு. அப்புறம் ஒரு வெற்று வரி, அதற்குப் பிறகுதான் விலை. ஹெடர்களுக்கு நடுவே இது இருந்தது:

கேஷ்-கன்ட்ரோல்: மேக்ஸ்-ஏஜ்=86400

கேஷ் என்பது போன் எடுத்து வைத்துக்கொள்ளும் நகல், மேக்ஸ்-ஏஜ் அதன் ஆயுள். 86400 விநாடி என்றால் முழுதாக ஒரு நாள். அதுவரை என்னைக் கேட்காதே, கையில் இருப்பதையே காட்டு என்று சர்வரே சொல்லியிருக்கிறது. போன் சொன்னபடி கேட்டது, நஷ்டம் விவசாயிக்கு.

நோ-கேஷ் என்று மாற்றச் சொன்னேன். அப்படிப் போட்டால் போன் நகலை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்ட பிறகே காட்ட வேண்டும். சேமிக்கவே கூடாது என்றால்தான் நோ-ஸ்டோர், விலைக்கு அது வேண்டாம். கூடவே, இது எந்தப் பதிப்பு என்று அடையாளம் காட்டும் ஈடேக் ஹெடரும் சேர்த்தோம். போன் அடுத்த முறை அதே ஈடேக் மதிப்பை இஃப்-நன்-மேட்ச் ஹெடரில் திருப்பி அனுப்பும். விலை மாறாவிட்டால் 304 (மாறவில்லை) என்ற பதிலோடு முடிந்துவிடும், உள்ளடக்கம் வராது. சிக்னல் திணறும் மலையோர ஊர்களுக்கு இது பெரிய உதவி.

சரி, மாற்றியாயிற்று. அப்போதும் சில போன்களில் பழைய விலை அசையவில்லை. ஒரு நாள் அனுமதி ஏற்கெனவே வாங்கிய நகல் சர்வர் பக்கமே எட்டிப் பார்க்காதபோது, புது ஹெடர் அதற்கு எப்படித் தெரியும்? ஜேசன் கோப்பின் முகவரியையே மாற்றிய பிறகுதான் தீர்ந்தது.

ஓசூரிலிருந்து:

இங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். விதைக்கடை ஒன்றின் பக்கத்தை மூன்றிலும் செய்திருந்தார்கள், முகவரி ஒன்றுதான். பிரவுசர் தனக்கு வேண்டிய மொழிகளைச் சொல்லும் அக்செப்ட்-லாங்குவேஜ் ஹெடரில் கன்னடம் முதலிலும், தமிழ் க்யூ=0.8 (அதைவிடக் குறைந்த விருப்பம்) என்றும் வந்தால் சர்வர் கன்னடப் பக்கத்தைக் கொடுக்கும். நடுவில் சிடிஎன் (பக்கத்தின் நகலை வைத்திருந்து கொடுக்கும் இடைச் சர்வர்கள்) வைத்ததும் குழப்பம் ஆரம்பித்தது. அது முகவரியை மட்டும் பார்த்து நகல் எடுத்து, முதலில் வந்தவரின் மொழியை எல்லோருக்கும் கொடுத்தது. மொழி ஹெடரைப் பொறுத்துப் பதில் மாறும் என்று சொல்லும் 'வேரி: அக்செப்ட்-லாங்குவேஜ்' ஹெடரைப் பதிலில் சேர்த்ததும் சரியானது. ஆனாலும் மொழிக்கு ஒரு முகவரி வைப்பதே நல்லது என்பேன். போனுக்குப் போன் மொழிப் பட்டியல் மாறுவதால் நகல்கள் பெருகி, கேஷ் இருந்தும் பயனில்லாமல் போகிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து:

பாலக்கோடு அண்ணா சொன்னது கேஷ், நான் பார்த்தது கன்டென்ட்-லெங்த். மாம்பழக்கூழ் ஆலை ஒன்றின் எடை மேடை. சீசனில் பெங்களூரா ரக மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். எடை பதியும் மென்பொருள் விவசாயியின் ஊர்ப்பெயரை பில் போடும் சர்வருக்கு அனுப்பும். ஆங்கிலத்தில் அடித்தால் ஒழுங்காகப் போகும். தமிழில் அடித்தால் பெயர் பாதியில் அறுந்துவிடும், அடுத்த வண்டியின் பதிவுக்கு 400 பேட் ரிக்வெஸ்ட் (கோரிக்கையே தவறு) என்று பதில் வரும். எல்லோரும் ஃபான்ட் பிரச்சினை என்றார்கள்.

கன்டென்ட்-லெங்த் என்பது உள்ளடக்கம் எத்தனை பைட் என்று சொல்ல வேண்டிய ஹெடர். மென்பொருளோ எழுத்துக் குறியீடுகளை எண்ணிப் போட்டிருந்தது. வெறும் 'தருமபுரி' என்று அனுப்பிப் பார்த்தோம். யூனிகோடில் அது 8 குறியீடு: த, ர, உகரக் குறி, ம, ப, உகரக் குறி, ர, இகரக் குறி. குறியீட்டைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 24. ஹெடரில் 8 என்று இருந்ததால் சர்வர் த, ர இரண்டையும் உகரக் குறியில் 2 பைட்டையும் எடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டது. திரையில் 'தர', பக்கத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம். பிரவுசரும் சர்வரும் பேசும் விதிமுறையான எச்டிடிபியின் 1.1 பதிப்பில், ஒரு கோரிக்கை முடிந்தாலும் இணைப்பு திறந்தே இருக்கும் அல்லவா? மீதி 16 பைட்டை அடுத்த கோரிக்கையின் முதல் வரியாகப் படித்துவிட்டது. அதனால்தான் அடுத்த வண்டிக்கு 400. பைட்டாக எண்ணச் சொன்னதும் சரியானது. தமிழில் ஒருமுறைகூடச் சோதிக்காத மென்பொருளை எங்கள் ஊர் எடை மேடையில் கொண்டுவந்து வைத்தார்களே என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

தருமபுரியிலிருந்து:

பாலக்கோடு அண்ணா, ஹெடர்களுக்குப் பிறகு வருவதாக நீங்கள் சொன்ன அந்த வெற்று வரியை நாங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நேரிலேயே பார்த்தோம். சர்வருடன் நேரடியாக எழுத்தில் பேசும் டெல்நெட் நிரலில் கோரிக்கையைக் கையால் அடிக்கும் பயிற்சி. 1991-ல் வந்த முதல் எச்டிடிபியில் ஹெடரே கிடையாது, பக்கத்தைக் கேட்கும் 'கெட்' என்ற ஒரு வரியோடு சரி. 1.1-ல் ஹோஸ்ட் ஹெடர் கட்டாயம், ஒரே ஐபி எண்ணில் (சர்வரின் இணைய முகவரி எண்) பல தளங்கள் இருந்தால் எது வேண்டும் என்று அதுதான் சொல்லும். அதை விட்டு அனுப்பினால் 400. சேர்த்து அடித்து என்டர் தட்டினால் சர்வர் பேசாமல் காத்திருந்தது. இன்னொரு என்டர் தட்டி அந்த வெற்று வரியை விட்டதும் பக்கம் முழுக்கத் திரையில் கொட்டியது.