தலைவாஸ் 12வது சீசன்: அர்ஜுன் வெளியே போனா எழுப்ப ஆள் யாரு?

பாமணியாறு (மன்னார்குடி):

எல்லாருக்கும் வணக்கம். புரோ கபடியில தமிழ் தலைவாஸ் அணியோட 12வது சீசனை ஆட்டம் விடாம பார்த்தவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, அதான் கேட்கிறேன். ஏலத்துல ரெய்டர் (எதிரணி பக்கம் பாடிப் போறவர்) அர்ஜுன் தேஷ்வாலை 1.405 கோடிக்கு எடுத்தாங்க. இன்னொரு ரெய்டர் பவன் செராவத்தும் வந்தார். கோச் சஞ்சீவ் பாலியான். 2025 ஆகஸ்ட் 29, விசாகப்பட்டினம், முதல் ஆட்டத்துலயே தெலுங்கு டைட்டன்ஸை 38-35னு ஜெயிச்சோம். கடைசியில பார்த்தா முதல் எட்டு இடத்துலகூட இல்ல.

பவன் பாதியில இல்லாம போனதுதான் காரணம்னு ஊரே சொல்லுது. எனக்கு அது போதலை. 2022ல, 9வது சீசன்ல, முதல் ஆட்டத்துலயே பவனுக்கு முழங்கால்ல அடிபட்டு சீசன் முழுக்க இல்ல. அப்ப அரையிறுதி வரைக்கும் போனோமே? அப்ப இருந்தது என்ன, இப்ப இல்லாதது என்ன?

ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்க்கும்போது எதைக் குறிச்சு வச்சா இது பிடிபடும்னும் சொல்லுங்க. எங்க ஊர் டீமுக்கும் இதே வியாதிதான், ஒரே ஒரு ரெய்டரை நம்பி ஓடுது. தை மாசம் டோர்னமென்ட் வருது.

வெண்ணாற்றுக் கார்னர்:

தம்பி, பவன் போனது பெரிய அடிதான். ஆனா அந்த அடி எங்க விழுந்ததுன்னு பார்க்கணும். பவன் எடுக்கிற புள்ளியை விடுங்க. அர்ஜுன் வெளிய உட்கார்ந்திருக்கிறப்ப அவரை உள்ள கொண்டுவர ஒரு ஆள் இருந்தார், அந்த ஆள் போயிட்டார்.

கணக்கைப் பாருங்க. அர்ஜுன் பிடிபடுறப்ப ஏற்கனவே நம்ம ஆள் ரெண்டு பேர் வெளிய இருக்காங்கன்னு வச்சுக்குவோம். வெளிய போன வரிசையிலதான் உள்ள வரணும், அதனால அர்ஜுன் மூணாவது ஆள். மூணு டச் (ரெய்டுல தொட்டு எடுக்கிறது) அல்லது டேக்கிள் (எதிராளி ரெய்டரைப் பிடிச்சு எடுக்கிறது) புள்ளி எடுத்தாத்தான் அவருக்கு முறை வரும். போனஸ் கோட்டைத் தாண்டி எடுக்கிற போனஸ் புள்ளி யாரையும் எழுப்பாது, அதாவது உள்ள கொண்டுவராது. சூப்பர் டேக்கிளுக்கு (மூணு பேரோ அதுக்குக் குறைவாவோ நின்னு பிடிக்கிறது) 2 புள்ளி கிடைச்சாலும் எழும்புறது ஒருத்தர்தான்.

இப்ப மேட்ல (ஆடுற விரிப்புல) நம்ம ஆள் நாலு பேர். கபடியில இதைவிடக் கெட்ட எண்ணிக்கை கிடையாது. ஆறு பேருக்குக் குறைவா இருக்கிறதால எதிராளிக்கு போனஸ் இல்ல, அது ஒண்ணுதான் ஆறுதல். மூணு பேருக்கு மேல இருக்கிறதால நமக்கு சூப்பர் டேக்கிளும் இல்ல. ரெண்டு ஓரத்துலயும் நிக்கிற கார்னர் ரெண்டு பேர், நடுவுல ரெண்டு பேர், 10 மீட்டர் அகலத்தை நாலு பேரா அடைக்கணும். கைகோத்து நிக்கிற சங்கிலி ரெண்டு ரெண்டு பேரா அறுந்துடும். நல்ல ரெய்டர் அந்த இடைவெளியைப் பார்த்துதான் உள்ளயே வருவான்.

ஒரு ரெய்டு 30 வினாடி. நாம ஒண்ணு, அவங்க ஒண்ணுன்னு போறதால நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் நம்ம ஆள் பாடப் போறார். ரெண்டாவது ரெய்டர் ரெண்டு தடவை புள்ளி இல்லாம காலியா திரும்புறார். மூணாவது டூ ஆர் டை, புள்ளி எடுக்கலைன்னா அவுட். எதிர்ல ஏழு பேர், கார்னர் ரெண்டும் பின்னால ஒட்டி நின்னு காலைக் குறி வச்சுக் காத்திருக்கு. மாட்டிக்கிறார். மீதி மூணு பேரும் அடுத்தடுத்து அவுட், ஏழு பேரும் வெளிய, அதான் ஆல் அவுட். அர்ஜுன் 1, டூ ஆர் டை 1, மீதி மூணு பேர் 3, ஆல் அவுட்டுக்கு 2, ஆக ஒரே ஒரு பிடியில ஆரம்பிச்சு 7 புள்ளி போயிடுது. நடுவுல ஒரு போனஸ் எடுத்தா ஸ்கோர் அசையும், அர்ஜுன் அசைய மாட்டார்.

இதே அர்ஜுன் 9வது சீசன்ல ஜெய்ப்பூருக்கு 296 ரெய்டு புள்ளி எடுத்தார், கோப்பையும் அவங்களுக்குத்தான். அங்க பக்கத்துல நம்ம அஜித்குமார் ரெண்டாவது ரெய்டர். இடது கார்னர்ல அங்குஷ் அந்த சீசன்ல 89 டேக்கிள் புள்ளி. அர்ஜுன் வெளிய போனா இந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் எழுப்பிடுவாங்க. இங்க அவர் வெளிய உட்கார்ந்து முட்டியில கையை ஊனிக்கிட்டு மேட்டையே பார்த்துக்கிட்டிருந்த நிமிஷங்கள்தான் தோத்த நிமிஷங்கள்.

கொள்ளிடம் வடகரை:

வெண்ணாற்றண்ணன் சொன்னதுல முக்கால்வாசி ஒத்துக்கிறேன். ஆனா 9வது சீசனோட நேரா ஒப்பிடுறதுல ஒரு சிக்கல் இருக்கு, புள்ளிப் பட்டியல் விதியே மாறிப்போச்சு.

அப்ப ஜெயிச்சா 5, சமன்னா 3, 7 புள்ளிக்குள்ள தோத்தா 1. நாம அந்த வருஷம் 22 ஆட்டத்துல 10 வெற்றி, 4 சமன், 8 தோல்வி. வெற்றியில 50, சமன்ல 12, நெருங்கித் தோத்ததுல 4, மொத்தம் 66 வாங்கி அஞ்சாவது இடம். அந்த 16 புள்ளி தோக்காம இழுத்துப் பிடிச்சதுக்குக் கிடைச்ச கூலி. 12வது சீசன்ல ஆளுக்கு 18 ஆட்டம்தான். ஜெயிச்சா 2, தோத்தா ஒண்ணுமில்ல. சமனானா டைபிரேக்கர் ஆடி முடிச்சே ஆகணும். ரெண்டாவது ஆட்டத்துல யு மும்பாகிட்ட 33-36னு தோத்தோம். பழைய விதியில அதுக்கு 1 கிடைச்சிருக்கும், இப்ப சைபர். ஒரே ரெய்டரை நம்புற அணி கடைசி அஞ்சு நிமிஷத்துல தடுமாறும், புது விதியில அந்த தடுமாற்றத்துக்கு மன்னிப்பே கிடையாது.

இன்னொண்ணு, நம்ம டிஃபென்ஸை ரொம்பத் தூக்கிப் பேசுறதை நிறுத்தணும். 11வது சீசன்ல நிதேஷ் குமார் 77 டேக்கிள் புள்ளி எடுத்து சிறந்த டிஃபெண்டர் விருதே வாங்கினார். அணி 9வது இடம். எத்தனை பிடிச்சோம்ங்கிற எண்ணிக்கை பாதிக் கதைதான். பிடிக்கப் போய் விட்டது எத்தனை? ஒவ்வொரு விட்ட பிடியும் எதிராளிக்கு ஒரு புள்ளி, கூடவே அவங்க ஆள் ஒருத்தரை எழுப்பியும் விடுது. ரெய்டர் போனஸ் கோட்டுக்கே வரலை, திரும்புற எண்ணத்துல இருக்கான், 8 வினாடிதான் பாக்கி. அப்பப் போய் கார்னர் பாய்ஞ்சு காலைப் பிடிக்கிறது எதுக்கு? காலி ரெய்டா விட்டிருந்தா அவன்தான் டூ ஆர் டைக்கு மாட்டியிருப்பான்.

திருச்சனம்பூண்டி டிஃபெண்டர் தர்மராஜ் சேரலாதன் ஆடின காலத்து ஆட்டங்களைப் போட்டுப் பாருங்க. 4வது சீசன்ல பாட்னா அவர் தலைமையிலதான் கோப்பை எடுத்தது. முதல்ல இடத்தை அடைப்பார், ரெய்டர் உடம்பு திரும்பின பிறகுதான் கை போகும்.

குடந்தை ஸ்கோரர்:

எதைக் குறிக்கணும்னு கேட்டதுக்கு: நாற்பது பக்க நோட்டு ஒண்ணு போதும். ரெய்டுக்கு ஒரு வரி. நிமிஷம், பாடிப் போனவர், நம்ம ஆள் எத்தனை, அவங்க ஆள் எத்தனை, கிடைச்சது டச்சா போனஸா காலியா, யார் வெளிய, யார் உள்ள. இந்த ஏழும் வரியில இருந்தா போதும்.

ஆட்டம் முடிஞ்சதும் அர்ஜுன் வெளிய இருந்த வரிகளை மட்டும் பேனாவால கட்டம் கட்டுங்க. அந்தக் கட்டத்துக்குள்ள நாம போன ரெய்டு எத்தனை, அதுல டச் புள்ளி எத்தனை, போனஸ் எத்தனைன்னு தனித்தனியா எண்ணுங்க. போனஸும் டச்சும் சேர்த்து எண்ணினா எல்லாம் நல்லா இருக்கிற மாதிரி தெரியும், அங்கதான் ஏமாந்துபோறோம். அப்புறம் நாம நாலு பேரா நின்ன வரிகள்ல எத்தனை தடவை பிடிக்கப் போனோம், எத்தனை வந்தது.

ஆல் அவுட் ஆனதுக்கு அடுத்த ரெண்டு நிமிஷத்தையும் தனியா பாருங்க. ஏழு பேரும் புதுசா உள்ள வந்திருப்பாங்க, அர்ஜுன் உடனே முதல் ரெய்டுக்குப் போவார். எதிராளி எதிர்பார்க்கிறதும் அதைத்தான். அங்க ரெண்டாவது ரெய்டரை முதல்ல அனுப்பிப் பார்க்கிற கோச் நல்ல கோச்.

சம்பாக்காரன் (வடுவூர் பக்கம்):

ஊர் டீம் விஷயம் நான் சொல்றேன். ஏழு இடம்: இடது கார்னர், இடது இன், இடது கவர், சென்டர், வலது கவர், வலது இன், வலது கார்னர். உங்க பெரிய ரெய்டரை இன்ல நிறுத்துங்க. பக்கத்துல இருக்கிற கார்னரோட கையைப் பிடிச்சு நிக்கிறதோட அவர் வேலை முடிஞ்சது. கார்னர் கால் பிடிச்ச பிறகு மேல விழுந்து அமுக்கலாம், முதல் ஆளா பாயக் கூடாது. நம்ம பக்கம் பசங்க செய்ற தப்பே இதுதான். கூட்டம் கத்துதுன்னு ரெய்டரே டேஷ் அடிக்க (மோதி வெளிய தள்ள) போய், எதிராளியோட சேர்ந்து கோட்டுக்கு வெளிய போய், அவுட் ஆகி உட்கார்ந்துடுவான்.

ரெண்டாவது ரெய்டர் எதிர்ப்பக்க இன்ல. முதலாமவர் இடது கார்னரைப் பார்த்து பாடுற ஆள்னா, இவர் வலது கார்னரைப் பார்த்து பாடுறவரா இருக்கணும். ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாடினா எதிராளிக்கு ஒரு நல்ல கார்னர் போதும். மூணாவது ஆள் சென்டர்ல, ஆல்ரவுண்டர். டூ ஆர் டைக்கு அவர் போகட்டும், முதல் ரெண்டு பேரும் வெளிய போகாம தப்பிப்பாங்க.

பயிற்சியில தினமும் அரை மணி நேரம் நாலு பேர் ஆட்டம்னு வைங்க. நம்ம பக்கம் நாலு, பெரிய ரெய்டர் வெளிய, எதிர்ல ஏழு. மூணு டச் அல்லது டேக்கிள் எடுத்து அவரை உள்ள கொண்டு வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. முதல் வாரம் ரொம்ப அசிங்கமா இருக்கும். பரவாயில்ல.

தரை: நம்ம வண்டல் காய்ஞ்சா வெடிச்சுப் பாறையாகும், நனைஞ்சா வழுக்கும். 13க்கு 10 மீட்டர் அளந்து, ஒரு சாண் ஆழம் கொத்தி, கட்டியை உடைச்சு, மணல் கலந்து கிளறுங்க. முதல் நாள் சாயந்தரம் தண்ணி தெளிச்சு விட்டு, காலையில கையால துழாவி கல், கிளிஞ்சல் பொறுக்கணும். முட்டி கிழியிறதுல பாதி கிளிஞ்சல்லதான். மேட்ல ஆடப் போற பசங்க ஷூ போட்டு தனியா பழகணும். மண்ணுல சறுக்கித் திரும்புற பழக்கத்துல மேட்ல திரும்பினா கால் அங்கேயே ஒட்டிக்கும், முழங்கால் மட்டும் திரும்பும்.

பாமணியாறு:

எல்லாருக்கும் நன்றி அண்ணே. ஒரு சந்தேகம். பெரிய ரெய்டர் அவுட் ஆனதும் அவருக்குப் பதிலா பெஞ்சுல இருக்கிற ரெய்டரை இறக்க முடியாதா?

வெண்ணாற்றுக் கார்னர்:

முடியாது. அவுட் ஆனவருக்கு மாற்று ஆள் கிடையாது, உள்ள உயிரோட இருக்கிற ஆளைத்தான் மாத்தலாம். அப்ப ஒரு டிஃபெண்டரை எடுத்துட்டு ரெய்டரை இறக்கணும். நாலு பேர் நிக்கிறப்ப ஒரு கவரை இழக்கிறது வலிக்கும், ஆனாலும் பல நேரம் அதுதான் சரி. கார்னரை மட்டும் தொடாதீங்க. புரோ கபடியில அஞ்சு மாற்றம் வரைக்கும் அனுமதி. ஊர் டோர்னமென்ட்ல எத்தனைன்னு நுழைவுக் கட்டணம் கட்டுறப்பவே கேட்டு வச்சுக்கங்க, பாதி சண்டை அதுலதான் வருது.

கொள்ளிடம் வடகரை:

அடுத்த ஏலத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. 9வது சீசன்ல நரேந்தர் 243 ரெய்டு புள்ளி எடுத்தப்ப பக்கத்துல அஜிங்க்யா பவார் இருந்தார். அதான் அன்னிக்கு பவன் இல்லாமலே சமாளிச்சோம். அதே அஜிங்க்யா 12வது சீசன்ல டெல்லியில. புனேரி பல்டனை 31-28னு முடிச்சு கோப்பை எடுத்தது டெல்லி. அவங்ககிட்ட ஆஷு மாலிக் இருந்தும், நீரஜ் நர்வால், அஜிங்க்யான்னு ரெண்டு பேரை வச்சிருந்தாங்க. நம்ம நிர்வாகம் ஒரே பெயர்ல கோடியைக் கொட்டிட்டு ரெண்டாவது, மூணாவது ரெய்டருக்கு மிச்சம் மீதியைத் தேடுது. 11வது சீசன்ல ரெய்டர் சச்சினுக்கு 2.15 கோடி, அப்பவும் இதே கதை.

சம்பாக்காரன் (வடுவூர் பக்கம்):

அந்த மிச்சம் மீதியை இங்க வந்து தேடலாமே. எங்க வடுவூர் அபினேஷ் 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல தங்கம் ஜெயிச்ச இந்திய அணியில ஆடினான். அவன் வளர்ந்த ஊர்ல இன்னும் பசங்க இருக்காங்க. தேர்வுக்கு வர்றவங்க முகாமை மன்னார்குடியிலயோ தஞ்சாவூர்லயோ ரெண்டு நாள் போடணும். புள்ளி எடுக்கிறவனை மட்டும் பார்க்காம, ஏழு பேர் நிக்கிற மேட்ல டூ ஆர் டைக்குப் போய் யார் பதறாம வர்றான்னு பார்த்து எடுக்கணும்.