காலிக் கடலில் மூழ்கிய டேடலஸ்

அப்புத்தளை டீச்சர்:
எங்கள் தோட்டத்து மேல் மலையில் நின்றால், மப்பு இல்லாத விடியலில் தெற்குக் கடல் ஒரு சாம்பல் கோடாகத் தெரியும். நேற்று அதைக் காட்டியபோது ஒன்பதாம் ஆண்டுப் பையன் ஒருவன், "டீச்சர், அங்க போர்க்கப்பல் ஏதும் தாண்டு கிடக்கா?" என்று கேட்டான். 1813இல் காலி நகருக்கு அருகே டேடலஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் மூழ்கியது என்று மட்டும் சொன்னேன். அது எப்படிப்பட்ட கப்பல், எப்படிப் போனது? திங்கட்கிழமை பையன் விடமாட்டான்.

நோர்வூட் அண்ணன்:
டீச்சர், நீங்கள் பார்ப்பது அம்பாந்தோட்டைப் பக்கம். காலி இன்னும் மேற்கே.

டேடலஸ் ஆங்கிலேயர் கட்டிய கப்பலே இல்லை. நெப்போலியன் காலத்தில் வெனிஸில் கட்டியது, அப்போது பெயர் 'கொரோனா'. 1811 மார்ச் 13இல் ஏட்ரியாட்டிக் கடலில், லிஸ்ஸா தீவுக்குப் பக்கத்தில் நடந்த சண்டையில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டது. பிடிபட்ட பிறகு தீயும் பிடித்தது. அணைத்து, பழுது பார்த்து, பெயரை மாற்றி, 38 பீரங்கிக் கப்பலாகத் தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள்.

கப்டன் முர்ரே மேக்ஸ்வெல். கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்களுக்குக் காவலாக வந்தபோது, 1813 ஜூலை 2இல் காலிக்கு அப்பால் கடலடித் திட்டு ஒன்றில் ஏறிவிட்டது. திட்டிலிருந்து மீட்டும் பயனில்லை. இறைக்க இறைக்கத் தண்ணீர் ஏறியது. ஆட்களைக் கூட வந்த கப்பல்களுக்கு மாற்றிய பிறகு, பக்கவாட்டில் சாய்ந்து மூழ்கிப் போனது. பிடிபட்ட நாளிலிருந்து எண்ணினால் இரண்டேகால் வருடம்தான்.

பையனிடம் இதையும் சொல்லுங்கள்: அப்போது நம் மலைநாடு கண்டி ராஜாவிடம் இருந்தது. 1815இல்தான் வெள்ளைக்காரன் கைக்குப் போனது. கோப்பித் தோட்டம், தேயிலைத் தோட்டம் எல்லாம் அப்புறம்தான்.

மஸ்கெலியா தம்பி:
நான் காலியில் ஒரு கடையில் இரண்டு வருடம் வேலை செய்தேன். ஜூலையில் கோட்டை மதிலில் நின்றால் நுரை முகத்தில் தெறிக்கும், உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும். இங்கே கொழுந்து பறிக்கும்போது அம்மா இடுப்பில் கட்டும் படங்கைப் படபடக்க வைக்கிற அதே தென்மேல் காற்றுதான். ஒல்லாந்தரின் அவொண்ட்ஸ்டர் கப்பலும் காலித் துறைக்குள் மூழ்கிப் போனது இதே ஜூலை 2இல்தான், 1659ஆம் வருடம். அதுவும் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த கப்பல்!

அப்புத்தளை டீச்சர்:
ரொம்ப நன்றி அண்ணே, தம்பி. கப்டனுக்கு என்ன ஆனது?

நோர்வூட் அண்ணன்:
கடற்படை விசாரணை வைத்து விடுவித்தார்கள். அவருடைய பழைய கப்பலான அல்செஸ்ட்டையே திரும்பக் கொடுத்தார்கள். அதுவும் 1817இல் இந்தோனேசியாவின் காஸ்பர் நீரிணையில் பாறையில் மோதிப் போய்விட்டது டீச்சர்.