தனியாகத் தைக்கும் கடைக்கு ஆள் சேர்ப்பது எப்போது?

காவேரிக்கரை தையல்:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் சின்ன தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ்தான் முக்கிய வேலை. கூடவே ஃபால்ஸ் அடிப்பது, ஆல்டரேஷன். அளவெடுப்பதில் ஆரம்பித்து வெட்டுவது, தைப்பது, ஹெம்மிங், கொக்கி கட்டுவது, பில் போடுவது வரை நான் ஒருத்திதான்.

லைனிங் பிளவுஸுக்கு 400 ரூபாய் வாங்குகிறேன். அதில் லைனிங் துணி, நூல், கொக்கி என்று 90 ரூபாய் போய்விடும். ஒரு பிளவுஸுக்கு வெட்ட அரை மணி நேரம், மெஷினில் ஒன்றேகால் மணி, கைவேலைக்கு 40 நிமிடம். நாளைக்கு நான்கு முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது.

ஆவணி முகூர்த்தத்துக்கு வந்த துணியில் பாதியைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. தையில் இன்னும் அதிகம் வரும். "ஒரு டெய்லர் பெண்ணைப் போடு" என்கிறார் நாத்தனார். "போட்டால் மார்கழியிலும் ஆடியிலும் அவளுக்குச் சம்பளம் எங்கிருந்து கொடுப்பாய்?" என்கிறார் வீட்டுக்காரர். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆள் சேர்க்கும் நேரம் வந்துவிட்டது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

ஈரோடு யூனிட்:

வந்துவிட்டது சகோதரி. துணியைத் திருப்பி அனுப்பிய அன்றைக்கே வந்துவிட்டது. பிளவுஸ் தொழிலில் ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினால் அந்த ஒரு துணியோடு போவதில்லை. அவர் அளவு பிளவுஸை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார். அங்கே கழுத்தும் கையும் சரியாக அமைந்துவிட்டால் மகள் கல்யாணத் துணியும் அங்கேதான் போகும்.

கட்டிங்கை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மெஷினுக்கு ஆள் போடுங்கள். ஒரு கட்டிங் மாஸ்டர், அவருக்குக் கீழே டெய்லர்கள், கைவேலைக்குத் தனியாக இரண்டு பேர். எல்லாத் தையல் யூனிட்டும் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. ஆடி மாதச் சம்பளம் என்று பயப்பட வேண்டாம். பீஸ் ரேட் போடுங்கள். எங்கள் பக்கம் லைனிங் பிளவுஸுக்கு 150 ரூபாய் கொடுத்தால் நன்றாகத் தைக்கிற ஆள் கிடைக்கும். வேலை இருந்தால் காசு, இல்லாவிட்டால் இல்லை.

மதுரைக் கத்தரி:

ஈரோட்டு அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. வேலை குவிந்தால் ஆள் போடு என்பது ரெடிமேட் தைக்கிற யூனிட்டுக்குப் பொருந்தும். அங்கே ஒரு துண்டு கெட்டால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். பட்டுப் புடவையோடு சேர்ந்து வருகிற பிளவுஸ் துண்டு முக்கால் மீட்டரோ கொஞ்சம் கூடுதலோதான் இருக்கும். அக்குளில் தையல் இழுத்தாலோ, கை ஏற்றும்போது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டாலோ அதே நிறத்தில், அதே கரையில் வேறு துண்டுக்கு எங்கே போவீர்கள்? கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியது கடைக்காரர்தான், பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர் இல்லை.

அக்கா, துணியைத் திருப்பி அனுப்புகிற அளவுக்குக் கூட்டம் வருகிறது என்றால் உங்கள் ரேட் குறைவு என்றுதான் அர்த்தம். 450 ஆக்குங்கள். நான்கு பிளவுஸுக்கு நாளைக்கு 200 ரூபாய் கூடுதலாக நிற்கும். யாருக்கும் கற்றுத்தர வேண்டாம், யார் பின்னாலும் நின்று பார்க்க வேண்டாம். நான் இன்றுவரை தனியாகத்தான் தைக்கிறேன். முகூர்த்த மாதத்தில் இத்தனை பிளவுஸ்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அதற்குள் கொண்டுவந்தவர்களுக்குத்தான் இடம்.

ஆள் வைத்துப் பார்த்த கடைகளையும் எனக்குத் தெரியும். தொழில் கற்றுக்கொண்டதும் அடுத்த தெருவிலேயே தனிக்கடை போடுவார்கள். அது அவர்கள் உரிமை, தப்புச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் அளவு நோட்டில் இருக்கிற பாதிப் பேர் கூடவே போவார்கள்.

ஈரோடு யூனிட்:

தம்பி, தை முகூர்த்த வாரத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அந்தத் துணிகளை யார் தைப்பது? ஒரே ஆளை நம்பிய கடை அந்த ஆள் படுத்தால் மூடிவிடும். அவர் இடுப்பு விட்டுப்போகிறது என்று எழுதியிருக்கிறார். அந்த வலிக்கு 50 ரூபாய் ஏற்றுவது மருந்தாகாது. அதே நான்கு பிளவுஸுக்கு அதே மணி நேரம்தான் உட்கார வேண்டும்.

வரவு செலவு:

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். அக்கா நிமிடக் கணக்கோடு எழுதியிருப்பதால் போட்டுப் பார்த்தேன். ஒரு பிளவுஸுக்குச் செலவு போக என்ன நிற்கிறது, அதற்கு அக்காவின் சொந்த நேரம் எவ்வளவு போகிறது என்று மட்டும் பாருங்கள்.

இப்போது 400-இல் 90 போனால் 310 நிற்கிறது. நேரம் 145 நிமிடம். மணிக்குச் சுமார் 128 ரூபாய்.

கைவேலையை மட்டும் வெளியே கொடுத்து அதற்கு 40 ரூபாய் தந்தால் 270 நிற்கும், நேரம் 105 நிமிடமாகக் குறையும். மணிக்கு 154.

அண்ணன் சொல்கிறபடி மெஷினுக்கும் ஆள் போட்டு 150 கொடுத்தால் மிச்சம் 120-தான். அக்காவுக்கு வெட்டுவதும் முடிந்த பிளவுஸைச் சரிபார்ப்பதுமாக 45 நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு 160.

128-இலிருந்து 154-க்கு ஏறுவது நல்ல ஏற்றம், அதுவும் வெறும் கொக்கியையும் ஹெம்மிங்கையும் கைமாற்றியதால். அதற்கு மேல் ஒரு டெய்லரைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் மணிக்குக் கூடுவது 6 ரூபாய். மாதத்தில் இரண்டு பிளவுஸைப் பிரித்துத் தைக்க நேர்ந்தால் அந்த 6 ரூபாயும் இருக்காது.

இப்போது ரேட்டை 450 ஆக்கிவிட்டு இதையே போடுங்கள். தனியாகத் தைத்தால் மணிக்கு 149. கைவேலை வெளியே போனால் 183. டெய்லரும் வந்தால் 170 ரூபாய்க்கு 45 நிமிடம், அதாவது மணிக்குச் சுமார் 227.

400 ரூபாய் பிளவுஸ் இன்னொருவரைத் தாங்காது, 450 ரூபாய் பிளவுஸ் தாங்கும். அதனால் ரேட்டா ஆளா என்று நீங்கள் இரண்டு பேரும் மோதிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டுமே வேண்டும், ஆனால் ரேட் முதலில். குறைந்த ரேட்டில் ஆள் சேர்க்கிற கடைகளில் முதலாளி முன்பைவிட அதிகம் ஓடுவார், கையில் அதே பணம்தான் இருக்கும். என்னிடம் வருகிற நோட்டுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

மாதச் சம்பளமாகக் கொடுப்பதானால், உதாரணத்துக்கு 12,000 என்று வையுங்கள். பீஸ் 150 என்றால் அது 80 பிளவுஸுக்குச் சமம். ஆடியில் அந்த ஆளுக்குக் கொடுக்க 80 பிளவுஸ் வருமா என்று போன ஆடி மாத நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. இ.எஸ்.ஐ.க்கு 10 பேர், பி.எஃப்.க்கு 20 பேர் இருக்க வேண்டும். ஒருவர் இருவரை வைத்தால் அவை வராது. ஆனால் குறைந்தபட்ச ஊதியத்துக்கு அப்படித் தலை எண்ணிக்கை கிடையாது. ஒரே ஒருவரை வைத்தாலும் பொருந்தும்.

மதுரைக் கத்தரி:

கணக்கு சரி, கைவேலையை வெளியே கொடுப்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஹெம்மிங் சரியில்லை என்றால் பிரித்துவிடலாம், துணி கெடாது. மெஷின்தான் வேறு விஷயம். 227 என்கிற உங்கள் கணக்கில், வந்தவர் முதல் நாளிலிருந்தே அக்கா மாதிரி தைப்பார் என்று வைத்திருக்கிறீர்கள். பிரின்சஸ் கட்டில் மார்புப் பக்கம் சுருக்கமில்லாமல் வளைத்துத் தைக்க ஒருவர் கை பழகுவதற்கே ஒரு சீசன் போய்விடும். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருகிற நேரத்தை எந்தப் பத்தியில் எழுதினீர்கள்?

வரவு செலவு:

எழுதவில்லை. நீங்கள் சொல்வது நியாயம்தான். அதனால்தான் பழக்குவதை முகூர்த்தம் இல்லாத மாதத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். கூட்டம் வந்த பிறகு ஆள் தேடுகிறவருக்குக் கற்றுத்தர நேரமே இருக்காது. புரட்டாசியிலோ ஆடியிலோ சாதாரண காட்டன் பிளவுஸ், லைனிங் இல்லாதது, ஃபால்ஸ் என்று கொடுத்துப் பழக்கலாம். பட்டு பிளவுஸை அக்காவே வைத்துக்கொள்ளட்டும்.

ஸ்டூலில் உட்கார்ந்தவள்:

நான் தையல் கடை நடத்துகிறவள் இல்லை. பல வருஷம் தையல் கடைகளில் கைவேலை பார்த்தவள், இப்போது வீட்டிலிருந்தே செய்கிறேன். எல்லோரும் கடைக்காரர் பக்கம் நின்றே பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

ஈரோட்டு அண்ணா, பீஸ் ரேட் போட்டால் ஆடி மாதப் பிரச்சினை தீர்ந்தது என்கிறீர்கள். தீரவில்லை, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆடியில் வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் நின்றுவிடுமா? சீசனில் ராத்திரி பத்து மணி வரை உட்கார வைத்துவிட்டு, முகூர்த்தம் முடிந்த மறுநாள் "தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன்" என்று அனுப்புகிற கடையை எந்தப் பெண் தன் கடையாக நினைப்பாள்? கற்றுக்கொண்டதும் போய்விடுகிறார்கள் என்று மதுரைத் தம்பி எழுதியிருக்கிறார். இப்படி அனுப்பினால் போகத்தானே செய்வார்கள்.

சின்ன வயதில் நான் பார்த்த கடைகளில் காஜா, அதாவது பட்டன் துளை, எடுப்பதற்குப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இருப்பார்கள். கையில் காசு என்று பெரிதாக ஒன்றும் தர மாட்டார்கள், தொழில் கற்றுத்தருகிறோம் என்பார்கள். 1986-இல் வந்த சட்டத்தை 2016-இல் திருத்திய பிறகு 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது. அது இன்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கற்றுத்தருவதையே கூலியாக நினைக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. பெரிய பெண்களிடமும் "முதல் ஆறு மாதம் பழகிக்கொள், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். பழகுகிற காலத்திலும் வேலை நடக்கிறது, அதற்குக் காசு கொடுக்க வேண்டும்.

அக்கா, ஆள் சேர்க்கும் நேரம் எது என்று கேட்டீர்கள். உங்களிடம் வருகிறவளுக்கு வேலை குறைந்த மாதத்திலும் ஏதோ ஒரு தொகை நிச்சயம் உண்டு என்று உங்களால் சொல்ல முடிகிற அன்றைக்குத்தான். பாதி வருமானமாகவாவது இருக்கட்டும். அதைச் சொல்ல முடியாத வரைக்கும் கைவேலையை மட்டும் வெளியே கொடுங்கள். நாங்கள் மூன்று நான்கு கடைக்குச் செய்வோம், ஒரு கடை மந்தமானால் இன்னொன்று ஓடும்.

ஈரோடு யூனிட்:

அம்மா, கோபமாக எழுதியிருக்கிறீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பீஸ் ரேட்டை மொத்தமாகத் தப்பு என்று சொல்லிவிட வேண்டாம். எங்கள் யூனிட்டில் உள்ள பெண்களில் பலர் அதைத்தான் கேட்கிறார்கள். மூன்றரை மணிக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர எழுந்து போவார்கள், யாரிடமும் பர்மிஷன் கேட்க வேண்டாம். மாதச் சம்பளம் என்றால் ஒன்பதிலிருந்து ஆறு வரை இருந்தாக வேண்டும். திறமையான டெய்லர் பீஸ் ரேட்டில் சம்பளத்தைவிடக் கூடவே எடுப்பார்.

ஸ்டூலில் உட்கார்ந்தவள்:

எடுப்பார் அண்ணா, முகூர்த்த மாதத்தில். வருஷம் முழுக்கக் கூட்டிப் பாருங்கள். பீஸ் ரேட் வேண்டும் என்கிறவளுக்கு அதையே கொடுங்கள், அவளைக் கேட்டுக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். அதோடு, தையல் தொழிலாளர்களுக்கு அரசு நல வாரியம் இருக்கிறது. 18 வயதிலிருந்து 60 வரை பதியலாம். பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு உதவித்தொகை உண்டு, 60-க்கு மேல் ஓய்வூதியமும் உண்டு. நான் வேலை பார்த்த கடைகளில் ஒருவர்கூட அதைச் சொன்னதில்லை. யாரையாவது சேர்த்தால் முதல் வாரத்திலேயே அதில் பதிந்து கொடுங்கள். அப்புறம், முதுகு சாய்கிற நாற்காலி வாங்கிப் போடுங்கள். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. தையல் கடையில் உட்கார இடம் இருக்கிறது, ஆனால் அது ஸ்டூல். என் முதுகுக்கு அதன் வித்தியாசம் தெரியும்.

மதுரைக் கத்தரி:

அந்த அம்மா எழுதியதைப் படித்த பிறகும் நான் தனியாகத்தான் தைப்பேன். ஆனால் காரணம் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆடியில் இன்னொருவர் வீட்டுக்கு நான் பொறுப்பேற்க முடியாது என்பதுதான் என் நிலைமை. அதை ஒப்புக்கொண்டு ஆர்டரைக் குறைப்பதே எனக்கு நேர்மையாகத் தெரிகிறது. 450 ஆனாலும் 500 ஆனாலும் அது மாறாது.

வரவு செலவு:

அப்படி முடிவெடுப்பதும் சரிதான். அதற்கும் உடம்பு முடியாத நாளுக்கென்று ஒரு தொகை ரேட்டிலேயே சேர்ந்திருக்க வேண்டும். அதைச் சேர்க்காமல் தனியாகத் தைக்கிறவர்கள்தான் அதிகம்.

காவேரிக்கரை தையல்:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதை வீட்டுக்காரரிடமும் நாத்தனாரிடமும் படித்துக் காட்டினேன். போன ஆடி நோட்டையும் எடுத்துப் பார்த்தோம். 80 பிளவுஸ் பக்கத்தில்கூட வரவில்லை. அதனால் இப்போதைக்கு மெஷினுக்கு ஆள் இல்லை.

ரேட்டை ஏற்றப் போகிறேன். ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கிய துணிக்குப் பழைய ரேட்தான், புதிதாக வருவதற்கு 450. ஏற்றினால் சிலர் போவார்கள் என்று தெரியும். முகூர்த்தத்துக்குப் பாதித் துணியைத் திருப்பி அனுப்புகிற எனக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை. கைவேலைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார், முன்பு கடையில் பார்த்தவர். அவரிடம் கேட்டுவிட்டேன், சம்மதித்தார். மெஷின் ஆளைப் பற்றி அடுத்த ஆடியில் நோட்டைப் பார்த்துத்தான் யோசிப்பேன்.

ஒரே ஒரு சந்தேகம். கைவேலைக்கு எல்லா பிளவுஸுக்கும் ஒரே 40 ரூபாய் கொடுத்தால் சரியா?

ஸ்டூலில் உட்கார்ந்தவள்:

சரியில்லை அக்கா. சாதா லைனிங் பிளவுஸுக்கு 40 இருக்கட்டும். பட்டுக்கு நூல் வெளியே தெரியாமல் பொடித் தையலாகப் போட வேண்டும், ஒன்றரை மடங்கு நேரம் எடுக்கும். அதற்கு 60 கொடுங்கள். பின்பக்கம் கயிறு, குஞ்சம் கட்டுவது தனி. எது எதற்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கியும் நூலும் நீங்களே கொடுத்துவிடுங்கள், அந்தச் செலவு அவர் தலையில் விழக்கூடாது. வாடிக்கையாளர் காசு தரும்வரை காத்திருக்காமல் சனிக்கிழமை தோறும் கணக்கை முடித்துவிடுங்கள்.